தண்ணி குடித்த இடங்கள்

எங்கள் பக்கத்தில் சாவு சொல்ல வருகிறவர் சைக்கிளை விட்டு இறங்கமாட்டார். வாசல் படலையடியில் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு மணியை அடிப்பார். வீட்டுக்காரர் வெளியே வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். கதிரையில் இருக்கமாட்டார். தண்ணி குடிக்கமாட்டார். வேறு எந்த அலுவலாக வந்தவருக்கும் நாங்கள் கேட்காமலே முதலில் ஒரு செம்பு தண்ணி கொடுப்போம். வந்தவர் அதை வாங்கிக் குடித்துவிட்டால் வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சு விடலாம். வாங்காமல் நின்றால் அது சாவுச் செய்திதான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

நானும் அப்படி ஒரு செய்தியோடுதான் புறப்பட்டேன். பூவரசங்குளத்திலிருந்து முள்ளிவாய்க்காலுக்கு, அக்காவின் பழைய சைக்கிளில், தனியாக. அம்மா செத்துப்போனதை அக்காவுக்குச் சொல்லவேண்டும். ஆனால் அது ஆறிப்போன செய்தி. அம்மாவுக்கு ஆண்டுத் திவசமே முடிந்திருந்தது.

அம்மா படுக்கையில் விழுந்தபோது சண்டையால் பாதை பூட்டியிருந்தது. அக்கா கல்யாணம் முடித்து அந்தப் பக்கம் கடற்கரையில் இருந்தாள், நாங்கள் இந்தப் பக்கம் இருந்தோம். அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கிறது என்று ஒரு தடவை ஆள்மூலம் சொல்லியனுப்பினேன். பிறகு அம்மா போய்விட்டா. அதைச் சொல்லியனுப்ப ஆள் கிடைக்கவில்லை. சமாதானம் என்று சொல்லிப் பாதையைத் திறந்த பிறகு ஆட்கள் தாராளமாகக் கிடைத்தார்கள். எனக்குத்தான் வாய் வரவில்லை. முன்பின் தெரியாத லொறிக்காரரிடம் கொடுத்துவிட அது என்ன மாம்பழமா?

அப்படி மாதங்கள் போய்க்கொண்டிருக்கும்போது கருவாட்டு வியாபாரி ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

"உங்கட அக்கா சொல்லிவிட்டவா. அத்தானுக்குக் காலில காயமாம், விட்டிட்டு வெளிக்கிடேலாதாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்களை வரட்டாம்."

"வாறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அவரும் தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

பஸ் ஓடியது. சைக்கிளைக் கூரையில் போட்டுக் கட்டிவிடுவார்கள் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பஸ்ஸில் போனால் அன்றைக்குப் பின்னேரமே போய்ச் சேர்ந்துவிடலாம். எனக்கு அதுதான் பிரச்சினை. "அவளின்ர சைக்கிளை அவளிட்டக் குடுத்துவிடு" என்று அம்மா கடைசி நாட்களில் சொல்லியிருந்தா. அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு நான் மிதிக்கத் தொடங்கினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வரலாம்.

துக்கத்தோடு போனேன் என்று நினைக்கவேண்டாம். துக்கம் எதுவும் இருக்கவில்லை. செத்தவீட்டிலும் நான் அழவில்லை. "மூத்தவள் நிண்டிருந்தால் ஊரையே அழ வைச்சிருப்பாள்" என்று ஒரு மாமி என் காதுபடச் சொன்னா. சொல்லட்டும் என்று விட்டேன். நெடுநேரம் சப்பாணி கட்டி இருந்தால் கால் விறைத்துப்போகுமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரியும், நோகாது.

ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசை நீண்டு கிடந்தது. சைக்கிளோடு வெயிலில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் முறுகிக்கொண்டும் முன்னுக்கு நுழைந்துகொண்டும் இருந்தார்கள். நான் பின்னால் வந்த இரண்டு பேருக்கு என் இடத்தை விட்டுக்கொடுத்தேன். நல்ல பிள்ளை என்று அவர்கள் வாழ்த்தினார்கள். நல்ல பிள்ளையாவது மண்ணாவது, எனக்கு நிற்பது பிடித்திருந்தது. வரிசையில் நிற்கும்போது எங்கும் போகத் தேவையில்லை, எதையும் சொல்லத் தேவையில்லை. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி தன் போத்தலிலிருந்து எனக்குத் தண்ணி தந்தாள். குடித்தேன். அந்தப் பக்கச் சோதனையில் இருந்தவர் "என்ன அலுவலாப் போறீங்கள்?" என்று கேட்டார். "சைக்கிள் குடுக்க" என்றேன். அவர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு தானாக வந்தது, அது எனக்கே புதினமாக இருந்தது.

புளியங்குளத்தில் பெரிய றோட்டை விட்டு நெடுங்கேணிப் பக்கம் திரும்பினேன். றோட்டின் இரண்டு பக்கமும் காடு. மரங்களில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் தொங்கின. நல்ல நிழல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் மிதிவெடிக்குப் பயந்து ஒரு அடி உள்ளே வைக்கமுடியாது. அதனால் அந்தப் பயணத்தில் களைப்பாற வேண்டுமென்றால் மனிதர் இருக்கிற இடத்தில்தான் ஆறவேண்டும்.

பின்னேரம் வானம் கறுத்தது. காடு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு வீடு தெரிந்தது. முற்றத்தில் படங்கு விரித்து, அதன்மேல் சிறுபோக நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே மழை வந்துவிட்டது. ஒரு அம்மா தனியாக நின்று அந்தப் பெரிய சாக்குப் படங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் வாருங்கோ என்றில்லை, ஆர் என்றில்லை.

"பிள்ளை, உந்தத் தொங்கலைப் பிடியும்! பிடியும் கெதியா!"

சைக்கிளை வேலியில் போட்டுவிட்டு ஓடினேன். நான் ஒரு தொங்கலும் அவா ஒரு தொங்கலுமாகப் படங்கை நெல்லோடு மடித்து இழுத்தோம். மழை அடித்து ஊற்றியது. தாழ்வாரத்துக்குள் நெல்லை ஏற்றியபோது இரண்டு பேரும் நனைந்து தெப்பமாகியிருந்தோம். அவா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தா.

"அது சரி, நீர் ஆர்?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவா உள்ளே போய், தலையிலிருந்து தண்ணி ஒழுக நிற்கிறவளுக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டுவந்து தந்தா. பழக்கம் அப்படி. நானும் குடித்தேன்.

அவர்கள் முந்தி யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்கள். குளத்துக் காணி கிடைத்து வந்து வயல் செய்கிறவர்கள். புருஷன் மில்லுக்குப் போயிருந்தார், வர இருண்டுவிடும் என்றா. மழை விடுகிற மாதிரி இல்லை. "நிண்டிட்டு விடிய வெளிக்கிடும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டு, தன் சேலை ஒன்றை மாற்றத் தந்து, என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய் அடுப்படியில் இருத்தினா. நான் தேங்காய் துருவினேன், அவா புட்டுக் கொத்தினா. கதை நடந்துகொண்டிருந்தது. எந்த ஊர், எத்தனை சகோதரம், ஏன் இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை என்று எல்லாம் கேட்டா. பிறகு,

"அம்மா சுகமே?" என்றா.

"ஓம், சுகம்."

பொய் சொல்லவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சுகமே என்று கேட்டால் ஓம் என்று சொல்லித்தானே பழக்கம். ஆனால் சொன்ன பிறகு அந்தக் குசினியில் அம்மா உயிரோடு இருந்தா. அம்மாவுக்கு என்ன விருப்பம் என்று அவா கேட்டா. ஒடியல் கூழ் என்றால் உயிரை விடுவா என்றேன். கோபக்காரியோ என்று கேட்டா. வாய்தான் பொல்லாதது, மனம் பஞ்சு என்றேன். பல் எல்லாம் இருக்கிறதோ என்றா. மேலே இரண்டு விழுந்துவிட்டது, அதனால் சிரிக்கும்போது கையால் பொத்துவா என்றேன். எல்லாவற்றையும் நடக்கிற காரியமாகவே சொன்னேன். ஒரு சொல்லும் தடக்கவில்லை. சூடைமீன் தீயலோடு புட்டை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஒளிக்க என்ன இருக்கிறது. அன்றிரவு பாயில் சரிந்ததும் நித்திரையாகிவிட்டேன்.

விடிய வெளிக்கிடும்போது அவா ஒரு பொதியைக் கொண்டுவந்து கரியரில் வைத்துக் கட்டினா. புது நெல்லைக் குத்தின அரிசி.

"இது உம்மட அம்மாவுக்கு. கஞ்சி வைச்சுக் குடிக்கச் சொல்லும். மேலுக்கு நல்லது."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு மிதித்தேன்.

ஒட்டுசுட்டான் தாண்டித் தண்ணீரூற்றுப் பக்கம் வரும்போது வெயில் ஏறிவிட்டது. றோட்டோரக் காணி ஒன்றில் பத்துப் பேரளவில் நின்று பற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இடிந்த சுவர்களுக்கு நடுவில் ஒரு கிணறு, அதைச் சுற்றி வாளிகள், கயிறுகள், சேற்றுக் குவியல். பன்னிரண்டு வருடத்துக்கு முதல் ஊரை விட்டுப் போகவைக்கப்பட்ட முஸ்லிம் ஆட்கள் தங்கள் காணியைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று கண்டவுடனே விளங்கியது. தொப்பி போட்ட ஒரு பெரியவர் றோட்டுக்கே ஓடி வந்து மறித்தார்.

"தங்கச்சி, ஒரு உதவி செய்யுங்க. இறங்கி வந்து இந்தத் தண்ணியக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"ஏன், நீங்கள் குடிச்சுப் பாக்கேல்லையே?"

"எங்கட வாய நம்பேலாது தங்கச்சி. புத்தளத்துல அகதியா இருந்து உப்புத் தண்ணி குடிச்ச ஆக்கள் நாங்க. எங்கட கிணத்துத் தண்ணி எண்டாச் சேறும் இனிக்கும். போறவன் வாறவனும் எங்கட முகத்தப் பாத்திட்டுத் தேன் தேன் எண்டு சொல்லிட்டுப் போறான். நீங்க நியாயமாச் சொல்லுங்க."

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவருடைய மனைவி புதுக் கோப்பை ஒன்றைக் கழுவித் தண்ணி ஊற்றித் தந்தா. வாயில் வைத்தேன். அழுகல் இலை மணந்தது. அவர்களின் முகத்தைப் பார்த்தால் தேன் என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும். ஆனால் பொய் சொல்லி முதல்நாளே எனக்கு அலுத்திருந்தது.

"சேறு மணக்குது. இன்னும் ஒருக்கா அடிமட்டும் இறைக்கவேணும்."

பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா! நான் சொன்னன்தானே! இறங்குங்கடா கிணத்துக்க."

நான் போயிருக்கலாம். போகவில்லை. வாளி கைமாற்றுகிற வரிசையில் போய் நின்றுகொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஈர வாளி கைக்கு வரும், அடுத்த கைக்குப் போகும், திரும்ப வரும். யோசிக்க ஒன்றும் இல்லை. கையில் தோல் உரிந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் அவர்களோடு சோறும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டேன். கடைசியில் ஊறிய தண்ணியை முதலில் எனக்குத்தான் தந்தார்கள். இந்தமுறை இனித்தது. "இப்ப சரி" என்றேன். அந்த மனைவி அழுதா. அவா அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் இப்படி வருமா என்று யோசித்தேன். வரவில்லை.

முல்லைத்தீவு தாண்டி வட்டுவாகல் பாலத்துக்கு வந்தபோது இனிச் சாட்டுச் சொல்ல வழியில் ஒன்றும் மிச்சமில்லை. பாலத்தில் ஆட்கள் நின்று இறாலுக்கு வலை வீசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொல்லிப் பழகினேன். அம்மா போயிட்டா. அம்மா மோசம் போயிட்டா. அக்கா, அம்மா இல்லை. எது சொன்னாலும் வானொலியில் வாசிக்கிற மாதிரித்தான் வந்தது. கடைசியில் ஒரு முடிவெடுத்தேன். ஊர் வழக்கப்படியே செய்வது. இறங்கக்கூடாது. படலையில் ஒரு கால் ஊன்றி நின்றபடி சொல்லிவிடவேண்டும். நான் சொல்லாவிட்டாலும் நிற்கிற விதத்தைக் கண்டு அக்கா விளங்கிக்கொள்வாள். வழக்கம் என்று ஒன்று இருப்பது இப்படிப்பட்ட நேரத்துக்குத்தானே.

ஆனால் அக்காவின் வீடு கடற்கரைப் பக்கம். தார் றோட்டிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கை முழுக்க வெள்ளை மணல். முன் சில்லு புதைந்தது. மிதித்துப் பார்த்தேன், சரிந்தேன். இறங்கித்தான் உருட்டவேண்டியிருந்தது. உச்சி வெயிலில் சூடேறிய மணல் அந்தப் பின்னேரத்திலும் சுட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலையைக் குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நிமிர்ந்து பார்க்கும்போது படலையில் அக்கா நின்றாள்.

குலுங்கிய மணிச்சத்தம் கேட்டு வந்தாளோ, தூரத்திலேயே சைக்கிளைக் கண்டாளோ தெரியாது. மெலிந்து, கறுத்துப் போயிருந்தாள். கையில் செம்பு. "வா" என்று சொல்லவில்லை, "அம்மா எங்க" என்று கேட்கவில்லை. செம்பை நீட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

நான் வாங்கிக் குடித்தேன்.

இரண்டு நாளாகப் போகிற இடமெல்லாம் தந்தார்கள், வாங்கிக் குடித்தேன். அந்தக் கை அப்படியே நீண்டுவிட்டது. அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழிய, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். குடித்து முடித்துச் செம்பைத் தாழ்த்தியபோதுதான் அக்காவின் முகத்தைக் கண்டேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் தண்ணி ஓடியது.

"அப்பாடி! நான் பயந்தே போனன். நீ தனிய வாறதைக் கண்டிட்டு என்ர நெஞ்சு நிண்டு போச்சு. அம்மா பஸ்ஸிலயோ வாறா?"

என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. சைக்கிளைப் பறித்துச் சுவரில் சாத்தினாள். உள்ளே கால் நீட்டிப் படுத்திருந்த அத்தானிடம், "இஞ்சருங்கோ, தங்கச்சி வந்திட்டாள்! அம்மாவும் வாறாவாம்!" என்று கத்தினாள். கரியரில் இருந்த பொதியை அவிழ்த்து அரிசியை மணந்து பார்த்தாள்.

"புது அரிசி! ஆர் தந்தது?"

"வழியில ஒரு அம்மா. எங்கட அம்மாவுக்கெண்டு தந்தவா."

இதுவாவது உண்மை. அக்கா அந்த அரிசியைச் சுளகில் கொட்டிக்கொண்டு குசினிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அடுப்பு மூட்டினாள். அம்மாவுக்குக் குழையவேண்டும் என்று தண்ணியைக் கூட வைத்தாள். பஸ் எத்தனை மணிக்கு, சந்தியில் இறங்கினால் அம்மா இந்த மணலில் எப்படி நடப்பா, பக்கத்து வீட்டு மாட்டுவண்டியைக் கேட்போமோ என்று ஓயாமல் கதைத்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதேயில்லை. கதவுநிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். அதுவும் வழியில் கிடைத்த ஒரு தரிப்பு மாதிரித்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று மனம் சொன்னது. உலை கொதித்து அரிசி மேலே எழும்பியது.

"அக்கா, அம்மா போய் ஒரு வருஷமாச்சு."

பாலத்தில் பழகிய எந்த வசனமும் அல்ல. அகப்பையோடு திரும்பினாள். அழவில்லை, கத்தவில்லை. விளங்காத கணக்கைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"நீ தண்ணி குடிச்சனியெல்லே" என்றாள்.

கதவுநிலையை விட்டு அவளிடம் போனேன்.

"தண்ணி குடிச்சனியெல்லே பிள்ளை" என்று இன்னொரு தரம் சொன்னாள். பிறகு குனிந்து எரிந்துகொண்டிருந்த விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். செத்தவீட்டில் உலை வைக்கக்கூடாது. ஒரு வருடம் பழைய சாவென்றாலும் அந்த வீட்டில் அம்மா அப்போதுதான் செத்தா. அக்கா தண்ணி தெளித்து நெருப்பை அணைத்தாள். புகை எழும்பியது. அந்தப் புகைக்குள்தான் நான் முதல்தடவையாக அழுதேன். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, செத்தவீட்டு மாமி சொன்னதுபோலவே, ஊரையே கூட்டி அழுதாள். அரைவேக்காட்டில் கிடந்த சோற்றை ஒருவரும் தொடவில்லை.

சைக்கிளை அவளிடம் விட்டுவிட்டுச் சில நாட்களின் பின் பஸ்ஸில் திரும்பினேன்.

ஏழு வருடம் கழித்து, சண்டை எல்லாம் முடிந்த பிறகு, அக்கா செட்டிகுளத்து முகாம் ஒன்றில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பூவரசங்குளத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். அன்று வழியில் எங்கும் நான் நிற்கவில்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் என்னைப் போல நிறையப் பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நெடுநேரத்துக்குப் பிறகு அக்கா கூட்டத்துக்குள்ளால் நடந்து வந்தாள், தனியாக. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. வெயில் கொளுத்தியது.

கொண்டுபோன தண்ணிப் போத்தலின் மூடியைத் திறந்து கம்பிக்குள்ளால் நீட்டினேன். அவள் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அத்தான் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.